கட்டு அவிழ்ந்த பின்னும் காதலா?

கணனி விளையாட்டு என்றதும் சுடுவதும் வெட்டுவதும்தான் எமக்கு நினைவுக்கு வரும். போலந்து எழுத்தாளர் அன்ட்ஜே சப்கோவ்ஸ்கியின் கதைகளைத் தழுவி 2015இல் வெளியான 'த விச்சர் 3' என்ற விளையாட்டிலும் அவை உண்டு. வளர்ந்தவர்களுக்கான அந்த விளையாட்டில் ஒரு காதலும் உண்டு.

கெரால்ட் கூலிக்கு அரக்கரைக் கொல்பவன், ஊரார் வெறுப்பவன். யெனிஃபர் கர்வமும் கடுஞ்சொல்லும் மிக்க சூனியக்காரி. முன்னொரு நாள் பூதமொன்றிடம் கெரால்ட் கேட்ட வரம் இருவரையும் பிணைத்துவிட்டது.

அப்படியானால் இது காதலா, மந்திரமா? யெனிஃபரின் மனதை அரிப்பது இக்கேள்விதான். இன்னொரு பூதத்தைத் தேடிப் பிடித்து அந்தக் கட்டை அவிழ்க்கிறாள். அதன்பின்னும் அவளை நேசிக்கிறானா? 'ஆம்' என்பதும் 'இல்லை' என்பதும் விளையாடுபவரின் கையில்.

இந்தச் சோடி இளையோரைக் கவர்வது இதனால்தான். குறைகள் நிறைந்த இருவர், கட்டாயம் நீங்கிய பின்னும் ஒருவரையொருவர் தெரிந்தெடுக்க முடிகிறது. தாம் பெறாத சிரியை மகளாய்க் காப்பவர்களும் இவர்களே.

உங்கள் வளர்ந்த பிள்ளை இதை விளையாடியிருந்தால், "நீ என்ன பதில் சொன்னாய்?" என்று கேளுங்கள். எம் வீடுகளில் பேசத் தயங்கும் ஒரு பேச்சு அங்கே தொடங்கலாம்.