சங்கத்தின் இணையத்தளமும் லினக்ஸும்

உறையூர்ச் சேலையையும் ஸ்ரீரங்கம் தீவின் வாழையையும் இணையத்தளத்தில் விற்க முற்படும் சங்கங்கள், மென்பொருளின் உரிமை எவரிடம் உள்ளதென முதலில் வினவுதல் வேண்டும். நெய்த சேலை மட்டும் கையிலிருந்தால் கரையை மாற்ற இயலாது; கட்டத்தாளில் வரைந்த மாதிரியும் கிடைத்தால் எந்த நெசவாளரும் மாற்றி நெய்வார். மென்பொருளுக்கு அம்மாதிரியே மூலநிரல். 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், அதனை யாவர்க்கும் திறந்து வைத்துள்ளது. சென்னை சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்குவது. லினக்ஸின்மேல் அப்பாச்சி பக்கங்களை அனுப்பும். மரியாடிபி சரக்கிருப்பையும் விலையையும் பதிந்து வைக்கும். இவற்றுக்கு உரிமக் கட்டணம் இல்லை. பராமரிப்பவருக்கு ஊதியம் உண்டு. அதனை மறைத்து ‘எல்லாம் இலவசம்’ என்பார் பேச்சை நம்பற்க. அமைத்தவர் விலகினும், பயின்ற வேறொருவர் திருச்சிராப்பள்ளியிலிருந்தே பணியைத் தொடரலாம். கடவுச்சொற்களும் கணக்கின் நகலும் மட்டும் செயலாளர் வசம் இருத்தல் வேண்டும்.