நிறம் மாறிய திரிபுரா

சிவப்புக் கோட்டை ஒரே தேர்தலில் காவியானது என்பது பாதிக் கதைதான். மலையிலோ கொடிகள் மாறின, குறை மாறவில்லை.

தன் கையிருப்பு 1,520 ரூபாய் என்று வேட்புமனுவில் கணக்குக் காட்டியவர் மாணிக் சர்க்கார். இருபது ஆண்டுகள் திரிபுராவின் முதல்வராக இருந்தவர். 2018 மார்ச் 3-ம் தேதி வாக்குகள் எண்ணப்பட்டபோது அவரது எளிமையால் கட்சியைக் காப்பாற்ற முடியவில்லை. இரண்டு நாள் கழித்து, தெற்கு திரிபுராவின் பெலோனியாவில் லெனின் சிலையை புல்டோசர் வைத்துத் தள்ளினார்கள். தொடர்ந்து 25 ஆண்டுகள் நடந்த இடதுசாரி ஆட்சியின் முடிவுக்கு நாடெங்கும் அதுவே அடையாளப் படமாகிப் போனது.

ஆனால் படம் சொல்வது ஒன்று, வாக்குக் கணக்கு சொல்வது வேறு. 2013 தேர்தலில் பா.ஜ.க. 50 தொகுதிகளில் போட்டியிட்டு 49-ல் டெபாசிட்டைப் பறிகொடுத்தது. கிடைத்த வாக்கு வெறும் 1.5 சதவீதம். ஐந்தே ஆண்டுகளில் அது 43 சதவீதத்தைத் தாண்டியது. மொத்தம் 60 இடங்களில் பா.ஜ.க.வுக்கு 36, அதன் கூட்டாளியான ஐ.பி.எஃப்.டி.க்கு 8, மார்க்சிஸ்ட் கட்சிக்கு 16.

இத்தனை வாக்குகளும் எங்கிருந்து வந்தன? மார்க்சிஸ்ட் கட்சியின் வாக்கு 48 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாகக் குறைந்தது, அவ்வளவுதான். காங்கிரஸோ 36 சதவீதத்திலிருந்து இரண்டு சதவீதத்துக்கும் கீழே விழுந்தது. சிவப்பு வெளுத்ததைவிட, காங்கிரஸின் மூவர்ணம் கூண்டோடு காவியானதுதான் அதிகம்.

இதற்குக் காரணம் உண்டு. பல பத்தாண்டுகளாகத் திரிபுராவில் இருந்தவை இரண்டே முகாம்கள். 1988-லிருந்து 1993 வரை ஆட்சியைப் பிடித்துவைத்திருந்த காங்கிரஸ்தான் மார்க்சிஸ்ட் எதிர்ப்பாளர்களுக்குப் புகலிடம். அந்தக் காங்கிரஸ் 2016-ல் மேற்கு வங்கத்தில் மார்க்சிஸ்ட்டுகளுடன் கைகோத்தது. கொல்கத்தாவில் போட்ட முடிச்சு அகர்தலாவில் அவிழ்ந்தது. வெறுத்துப்போன ஆறு காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் முதலில் திரிணாமுல் காங்கிரஸுக்குத் தாவினார்கள். 2017-ல் அங்கிருந்து பா.ஜ.க.வுக்கு. தலைவர்கள் போன வழியில் வாக்காளர்களும் போனார்கள்.

ஆளும் தரப்பின் சாதனைகளே அதற்குச் சுமையானதும் உண்டு. தீவிரவாதம் அடங்கி, ஆயுதப்படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டம் 2015-ல் விலக்கப்பட்டது. 2011 கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 87 சதவீதம். உயிருக்குப் பயமில்லை, படிப்பும் இருக்கிறது என்றான பிறகு இளைஞர்கள் கேட்டது வேலை. அரசோ கொடுத்த வேலையையே காப்பாற்ற முடியாமல் தவித்தது. 10,323 ஆசிரியர்களின் நியமனம் செல்லாது என்று 2014-ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2017-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசு ஊழியர்கள் பழைய சம்பள விகிதத்திலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஏழாவது ஊதியக் குழு விகிதம் தருவோம் என்றது பா.ஜ.க. அதன் கோஷம் எளிமையானது: ‘வாருங்கள், மாற்றுவோம்’.

மலையின் கணக்கு

சமவெளியில் கதை இப்படி என்றால், மலையின் கதை இன்னும் பழையது. தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அலையலையாக வந்த வங்காளி அகதிகளால் பழங்குடியினர் சொந்த மண்ணிலேயே சிறுபான்மையானார்கள். 2011-ல் அவர்களது பங்கு 32 சதவீதத்துக்கும் குறைவு. நிலம் கைமாறியது, அதிகாரம் சமவெளிக்குப் போனது.

மலையைச் சிவப்பாக்கியவர் தசரத் தேவ். 1940-களில் மலைக் கிராமங்களில் பள்ளிகள் திறக்கவும், கந்துவட்டிக்கும் கட்டாய உழைப்புக்கும் எதிராகவும் இயக்கம் நடத்தியவர்களில் முதன்மையானவர். 1952 பொதுத் தேர்தலில் மாநிலத்தின் இரண்டு மக்களவைத் தொகுதிகளையும் கம்யூனிஸ்ட்டுகள் வென்றதற்கு அந்த உழைப்பே அடித்தளம். 1993-ல் அவரே முதல்வரானார்.

ஆனால் கட்சி ஆட்சிக்கு வந்து, சமவெளியின் வங்காளி வாக்குகளையும் சேர்த்துக் காக்க வேண்டிய நிலை வந்ததும், மலைமக்களில் ஒரு பகுதியினர் விலகத் தொடங்கினார்கள். 1967-ல் பிறந்த டி.யு.ஜே.எஸ். காங்கிரஸுடன் சேர்ந்தது. பின்னர் தனி மாநிலம் கேட்ட ஐ.பி.எஃப்.டி. பா.ஜ.க.வுடன் சேர்ந்தது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட 20 தொகுதிகளில் 18-ஐ 2018-ல் அந்தக் கூட்டணி அள்ளியது. தனி மாநிலம் மட்டும் வரவில்லை.

அடுத்த கொடி திப்ரா மோத்தா. அதைத் தொடங்கியவர் பிரத்யோத் கிஷோர் மாணிக்ய தேவ் வர்மா, பழைய மன்னர் குடும்பத்து வாரிசு. ஆதரவாளர்கள் அவரை ‘புபாக்ரா’ என்கிறார்கள். கொக்பொரோக் மொழியில் அரசர் என்று பொருள். அரண்மனை நிர்வாகத்தை எதிர்த்துச் செங்கொடி பிடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் அரண்மனை வாரிசின் பின்னால் திரண்டார்கள். 2021-ல் தன்னாட்சி மாவட்டக் கவுன்சிலில் தேர்தல் நடந்த 28 இடங்களில் 18 அவரது அணிக்குக் கிடைத்தன. இடதுசாரிகளுக்கு ஒன்றுகூட இல்லை.

2023 சட்டமன்றத் தேர்தலில் இன்னொரு வேடிக்கை. அரை நூற்றாண்டுப் பகைவர்களான காங்கிரஸும் மார்க்சிஸ்ட்டும் ஒரே அணியில் நின்று 14 இடங்கள் பெற்றன. பா.ஜ.க.வின் வாக்கு 39 சதவீதமாகச் சரிந்தும் 32 இடங்களுடன் ஆட்சியைத் தக்கவைத்தது. சுமார் 20 சதவீத வாக்குகளுடன் மோத்தா 13 இடங்களைப் பிடித்து, எதிர்ப்பு வாக்குகள் ஒன்றாகச் சேராமல் சிதறியதே காரணம். அதே மோத்தா 2024 மார்ச்சில் மத்திய, மாநில அரசுகளுடன் ஒப்பந்தம் போட்டது. நிலவுரிமை, அடையாளம், மொழி பற்றிக் குறித்த காலத்தில் பேசித் தீர்ப்பது என்பது அதன் சாரம். சில நாட்களிலேயே எதிர்க்கட்சி வரிசையிலிருந்து எழுந்து அமைச்சரவையில் போய் அமர்ந்தது.

ஒரு பகுதியின் அரசியல் மாறிவிட்டது என்று தேர்தல் இரவில் தொலைக்காட்சி வரைபடம் நிறம் பூசிக் காட்டும். திரிபுராவின் சமவெளியில் மாறியது முகாமின் பெயர். மலையில் மாறியது கொடியின் நிறம். சிவப்பு, மூவர்ணம், காவி, அரண்மனை என்று எந்தக் கொடி வந்தாலும் மலைமக்கள் அதனிடம் நீட்டிய மனு ஒன்றுதான். நிலம், மொழி, தங்கள் மண்ணில் தங்களுக்கு ஒரு சொல். அந்த மனுவுக்குப் பதில் வராத வரை, அடுத்த நிறத்துக்கு அங்கே எப்போதும் இடம் இருக்கும்.