நிலம் வளரும் விதம் – 7: ஆறு நகர்ந்தது, எல்லை எங்கே?

சூரியனைச் சுற்றிய தூசு ஒட்டி ஒட்டிக் கோள்கள் திரண்ட கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். அங்கே சேர்ந்ததற்கு உரிமை கொண்டாட ஆள் இல்லை. ஆற்றங்கரையிலோ ஒரு சாண் வண்டல் ஒதுங்கினாலும் வழக்கு வந்துவிடும்.

கி.பி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூல் இதற்கு விதி வகுத்தது. எப்போது எவ்வளவு சேர்ந்தது என்று கண்டறிய முடியாதபடி மெல்லப் படியும் மண், கரைக்காரருக்குச் சொந்தம். வெள்ளம் ஒரேயடியாகப் பெயர்த்துக் கொண்டுவந்த நிலம், பழைய உரிமையாளருடையதே. இதில் நியாயம் உண்டு. ஆறு அரிக்கும்போது இழப்பவர் கரைக்காரர். அது கொடுக்கும்போது பெறுபவரும் அவராகத்தானே இருக்க வேண்டும்?

இந்த விதியை இரண்டு நாடுகள் தங்கள் எல்லைக்கே பொருத்திப் பார்த்தன. 1848 உடன்படிக்கைப்படி ரியோ கிராண்ட் ஆறு அமெரிக்காவுக்கும் மெக்சிகோவுக்கும் எல்லையானது. வடகரையில் எல் பாசோ. தென்கரையில் இன்றைய சியுதாத் ஹுவாரெஸ். ஆறு தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே இருந்தது. 1864 வெள்ளத்தில் தென்கரை பெருமளவு கரைந்தது. சமிசால் எனப்பட்ட சுமார் 600 ஏக்கர் மெக்சிகோ நிலம், ஆற்றுக்கு வடக்கே போய்விட்டது.

1884இல் இரு நாடுகளும் ஒப்பந்தம் செய்தன. மெதுவான அரிப்பாலும் படிவாலும் ஆறு நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். பழைய தடத்தைக் கைவிட்டுப் புதிய தடம் பிடித்தால் எல்லை இருந்த இடத்திலேயே நிற்கும். 1895இல் பெட்ரோ கார்சியா என்ற மெக்சிகோக்காரர் சமிசாலில் இருந்த தன் குடும்ப நிலத்தைக் கேட்டு முறையிட்டார். ஒப்பந்தத்தின் ஓட்டை அப்போதுதான் தெரிந்தது. ஆறு தடம் தாவவில்லை, கரையைத்தான் தின்றது. ஆனால் தின்ற வேகம் மெதுவானதா?

1911இல் கனடாவைச் சேர்ந்த யூஜின் லாஃப்ளூர் தலைமையில் மூவர் நடுவர் குழு இதை விசாரித்தது. பெரும்பான்மைத் தீர்ப்பு நிலத்தைப் பிரித்தது: 1864 வெள்ளத்துக்கு முன் மெல்லச் சேர்ந்த பகுதி அமெரிக்காவுக்கு, மற்றது மெக்சிகோவுக்கு. வெள்ளத்தில் கரை இடிந்து போனதை ‘மெதுவான அரிப்பு’ என்று ஏற்க முடியாது என்றது குழு. 1864இல் ஆறு ஓடிய தடத்தை இனிக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, அமெரிக்கா தீர்ப்பை ஏற்க மறுத்தது. காலத்தை நீதிபதியாக்கும் சட்டத்துக்கு அவ்வப்போது எடுத்த அளவுகள் வேண்டும். அவை இல்லாத இடத்தில், நிலத்தைக் கையில் வைத்திருப்பவர் தீர்ப்பை உதறிவிட முடிகிறது.

அரை நூற்றாண்டு கழித்து, 1963இல் தீர்வு கையெழுத்தானது. நிகரக் கணக்கில் 437 ஏக்கர் மெக்சிகோவுக்குத் திரும்பியது. ஆறு மீண்டும் நகராதபடி சுமார் 7 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டி, 1968இல் தண்ணீரை அதில் திருப்பினார்கள்.

மெக்சிகோவுக்குக் கிடைத்தது நியாயமே. அது 1911லேயே கிடைத்திருக்க வேண்டும். தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் வேறு. எல் பாசோ பக்கம் அந்த நிலத்தில் குடியிருந்த ஏறக்குறைய 5,600 பேர் வீடுகளைக் காலி செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்கள். சண்டை நீண்ட ஆண்டுகளில் தெரு தெருவாக வளர்ந்த குடியிருப்பு அது. அதுவும் மெல்ல மெல்லச் சேர்ந்ததுதான். ஆற்று மண் சேர்ந்த வேகத்தை இரண்டு அரசுகள் நூறாண்டு விவாதித்தன. மனிதர்கள் வேர்விட்டதற்கு ஈடாகச் சட்டம் தந்தது இழப்பீட்டுத் தொகை மட்டுமே. நிலத்தகராறு எதுவானாலும், தீர்ப்பைத் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் பிறகு பெயர்க்கப்பட வேண்டியவர்களின் எண்ணிக்கையைக் கூட்டுகிறது.

(தொடரும்)