சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தெரிந்தெடுத்தலும் வேகவைத்தலும்

ஓசூருக்கும் இராயக்கோட்டைக்கும் இடையிலுள்ள உத்தனப்பள்ளிப் பக்கத்தில், கன்னடம் பேசுவோர் கெணசு என்று வழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பக்குவமறிந்து வேகவைத்தால் சிறந்த ஆகாரமாகும்.

தெரிந்தெடுத்தல்: நடுத்தரப் பருமனும், கெட்டியான சதையும், காயமற்ற தோலும் உடைய கிழங்குகளையே பொறுக்கவேண்டும். சிறு துளைகள் காணப்படின் அது கூன்வண்டின் வேலையாகும். அத்தகைய கிழங்கு கசக்கும். வேகவைப்பதாலும் அக்கசப்பு நீங்காது. துளைத்த கிழங்கில் பூசணமும் எளிதிற் பற்றும். பூசணம் பிடித்த கிழங்கைத் தின்ற மாடுகள் நுரையீரல் நோயுற்று, மூச்சுத்திணறி இறப்பதுமுண்டு. ஆகையால் கழித்தவற்றைத் தொட்டியில் இடாமல் ஆழப் புதைத்தல் அவசியம்.

வேகவைத்தல்: ஒரே பருமனுள்ளவற்றை மண் போகக் கழுவி, தோலுடன் முழுதாகக் குளிர்ந்த நீரிலிட்டு, மூடி, மெல்லிய தீயில் வேகவைக்கவும். கிழங்கு மெதுவாகச் சூடேறுகையில் அதிலுள்ள மாச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. தீயை மிகுத்தால் இனிப்புக் குறையும். நறுக்கி வேகவைத்தால் இனிப்பு நீரிற் கரைந்துபோகும். சுமார் அரைமணி நேரத்தில் ஈர்க்கு தடையின்றி இறங்கும். உடனே நீரை வடித்துவிடவேண்டும்.

வயலில் மண் அணைத்து வெடிப்புகளை மூடி, முற்றியவுடன் தாமதியாது தோண்டியெடுக்கும் குடியானவர்களுக்கு வண்டினால் நேரும் நஷ்டம் பெரிதும் குறையும்.