மல்லரின் மணமும் முந்திய பாய்ச்சலும்

காஞ்சிமாநகரை அடுத்துள்ள நமது கூரம் சிறிய ஊர்தான். ஆயினும் சரித்திர ஆராய்ச்சியாளர் அதனை மறப்பதில்லை. பல்லவ வேந்தன் முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வழங்கிய கூரம் செப்பேடு, இவ்வூர்ச் சிவாலயத்துக்கு விடப்பட்ட தானங்களைக் கூறுவதோடு, மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கும் ஏற்பாடு செய்கிறது. அரசனுடைய முன்னோரைப் போற்றும் பகுதியில், நரசிம்மவர்மன் சளுக்கிய மன்னன் புலிகேசியைப் பல களங்களில் முறியடித்த பெருமையும் பேசப்படுகிறது. அந்த நரசிம்மவர்மன் பூண்ட விருதுப்பெயர் மாமல்லன். பெரிய மற்போர் வீரன் என்பது அதன் பொருள். கடற்கரையிலுள்ள மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. முடிமன்னனே விரும்பிச் சூடிக்கொண்ட பெயர் என்றால், மல்லனுக்கு நம் நாட்டில் இருந்த மதிப்பு எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமோ!

மல்லனைப்பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. அவன் எந்தக் கணத்தில் எதிரியின்மேல் பாயலாம் என்பது ஒன்று. எந்தப் பருவத்தில் இல்லறம் தொடங்கலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நுணுக்கமான விதி வகுத்துக்கொண்ட தேசம் ஜப்பான். அவர்களுடைய தேசீய மல்யுத்தமான சுமோவின் வழக்கங்களை ஆராய்ந்தால், நமது இல்லங்களுக்கும் உதவக்கூடிய பாடம் ஒன்று கிடைக்கிறது.

சுமோ நடக்கும் மேடை களிமண்ணால் ஆனது. அதன்மேல் வைக்கோற்புரிகளால் அமைத்த வட்டத்தின் குறுக்களவு 4.55 மீட்டர். எதிரியை வட்டத்துக்கு வெளியே தள்ளினாலும், பாதம் தவிர அவன் உடலின் வேறெந்தப் பாகமேனும் தரையில் படச் செய்தாலும் வெற்றி. பெரும்பாலான போர்கள் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆகவே தொடக்கந்தான் அங்கே பாதிப் போர். ஆனால் அந்தத் தொடக்கத்துக்கு மணி அடிப்பாரும் இல்லை, துப்பாக்கி வெடிப்பாரும் இல்லை. நடுவர் அருகிலேயே நிற்கிறார். நேரம் ஆயிற்று என்று அறிவிக்கிறார். கைகளை ஊன்றுமாறு பணிக்கிறார். அதற்குமேல் அவருக்கு அதிகாரமில்லை. மல்லர் இருவரும் எதிரெதிராகக் குந்தி, ஒருவர் கண்ணை ஒருவர் நோக்கி, மூச்சை ஒன்றுபடுத்தி, இருவருடைய கைகளும் மண்ணைத் தொட்ட அந்த ஒரே கணத்தில் தாமாகவே எழுந்து மோதவேண்டும். ஒருவன் ஆயத்தமாகி மற்றவன் ஆயத்தமாகாதிருந்தால் போர் தொடங்கியதாகவே கணக்கில்லை.

காஞ்சிப் பட்டுத் தறியைப் பார்த்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாகக் கோர்வைச் சேலை நெய்வதற்குத் தறியில் இருவர் வேண்டும். நெசவாளர் உடலின் நாடாவை எறிய, பக்கத்தில் அமர்ந்த துணையாள் கரையின் நாடாவை எறிய, இரண்டு நிறங்களும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. துணையாள் ஒரு கணம் முந்தினாலும் பிணைப்புக் கெடும். இருவருடைய கைகளும் ஒரு தாளத்தில் இயங்குவதற்குப் பழக்கம் வேண்டும். அதைவிட முக்கியமாக, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் குணம் வேண்டும்.

காத்திராமல் முந்திப் பாய்வதை ஜப்பானியர் ‘மத்தா’ என்பர். ‘பொறு’ என்பது அச்சொல்லின் கருத்து. முற்காலத்தில் இதற்கு வரம்பே இல்லை. இரு மல்லரும் குந்துவதும் எழுவதுமாக நெடுநேரம் கழியும். 1928-ம் வருஷத்தில் வானொலி ஒலிபரப்பு வந்ததும், முதற்பிரிவு மல்லர் 10 நிமிடத்துக்குள் தொடங்கியாக வேண்டும் என்று கட்டளை பிறந்தது. இருவரும் கையூன்ற வேண்டிய கோடுகளும் அந்த வருஷத்திலேயே மேடையில் வரையப்பட்டன. காலவரம்பு படிப்படியாகக் குறைந்து இன்று 4 நிமிடமாக நிற்கிறது. அப்படியும் முந்திய பாய்ச்சல்கள் பெருகவே, 1991-ம் வருஷத்தில் சுமோ சங்கத்தார் அபராதம் விதிக்கத் தலைப்பட்டனர். முதற்பிரிவு மல்லனுக்கு 1 லட்சம் யென். இரண்டாம் பிரிவு மல்லனுக்கு 50 ஆயிரம் யென். ஆனால் 1998-ம் வருஷத்தில் அந்த அபராதம் கைவிடப்பட்டது. இப்போது, முந்திப் பாய்ந்தவன் திரும்பிச் சென்று மறுபடியும் குந்துகிறான்; மேடையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நடுவர்களை நோக்கித் தலைவணங்கி மன்னிப்புக் கேட்கிறான். பெரும்பாலும் இருவருமே வணங்குவர். பாய்ந்தவன் அவசரப்பட்டது ஒரு குற்றம். பாயப்போவதுபோல் தோற்றம் காட்டி அவனை மயக்கியது மற்றவன் குற்றம்!

இனி அவர்களுடைய இல்லறத்தைப் பார்ப்போம். சுமோ மல்லர்கள் ஆறு பிரிவினர். மொத்தம் அறுநூறு பேர் அளவில் இருப்பார்கள். அவர்களுள் மேலிரண்டு பிரிவுகளைச் சேர்ந்த 70 பேருக்கே மாதச் சம்பளம் உண்டு. மற்றவர்கள் குருவின் பயிற்சி மனையில் ஒன்றாகப் படுத்துறங்கி, சமைத்து, பெருக்கி, மூத்தவர்களுக்குப் பணிவிடை செய்து கிடக்கவேண்டும். நமது பழைய குருகுலவாசம் எப்படியோ அப்படி. மேலிரண்டு பிரிவுகளுக்கு உயர்ந்தவனே மனையைவிட்டு வெளியே குடித்தனம் வைக்கலாம். ஆகவே, பெண்டாட்டி பிள்ளைகளுடன் வாழ விரும்பும் மல்லன் முதலில் களத்தில் தன் தகுதியை நிலைநாட்டியாக வேண்டியிருக்கிறது. பயிற்சி மனையின் உள் நிர்வாகம் முழுவதும் குருவின் மனைவியார் கையில். பதினைந்து பதினாறு வயதில் வீட்டைவிட்டு வந்த பிள்ளைகளுக்கு அவரே தாய்.

இவ்வழக்கங்கள் யாவும் போற்றத்தக்கவை என்று நாம் சொல்ல வரவில்லை. பெண்ணின் பாதம் படலாகாது என்று மேடையை அவர்கள் காத்துவருகின்றனர். 2018-ம் வருஷத்தில் மைசுரு என்னும் நகரில், மேடைமீது மயங்கி விழுந்த நகரத் தலைவருக்கு உயிர்காக்கும் சிகிச்சை செய்ய ஓடிவந்த பெண்களைக் கீழே இறங்குமாறு ஒலிபெருக்கியில் சொன்னதும், பின்னர் சங்கத்தின் தலைவர் மன்னிப்புக் கோரியதும் உலகறிந்த செய்தி. நல்லதை எடுத்துக்கொண்டு அல்லதைத் தள்ளுவதே அறிவுடைமை.

நம் தமிழகத்திலும் மல்லனும் மணமும் இணைந்து பேசப்பட்டதுண்டு. ஏறு தழுவியவனுக்கே ஆயர்குலப் பெண் உரியவள் என்ற வழக்கைக் கலித்தொகையின் முல்லைக்கலி காட்டுகிறது. களத்தில் தகுதி பெற்றவனுக்கே இல்லறம் என்ற ஜப்பானியர் கொள்கைக்கு இது உறவுடையதே. இதனினும் நெருங்கிய சான்று புறநானூற்றில் இருக்கிறது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூரில் மல்லன் ஒருவனோடு பொருது வென்றான். அந்தப் போரைச் சாத்தந்தையார் பாடினார். பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடினார். அப்பெண்மணி அந்த வீரன்மேல் காதல் கொண்டவர். அவன் வெற்றியைப்பற்றி ஊரார் இருவிதமாகப் பேச, அவர் நேரில் நோக்கி வெற்றி அவனுடையதே என்று மகிழ்கிறார். எனினும் தாய்க்கு அஞ்சுகிறார், அவைக்கு அஞ்சுகிறார், தமக்குள்ளேயே மெலிகிறார். இப்பாடல்களைக் கைக்கிளைத் திணையில் வைத்தார்கள் முன்னோர். ஒருதலைக் காமம் என்பது கைக்கிளையின் இலக்கணம். ஒரு பக்கம் மட்டும் எழுந்து மறுபக்கம் எழாத அன்பை, அது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், அன்பின் ஐந்திணைக்குள் அவர்கள் சேர்க்கவில்லை. இருபுறமும் ஒத்து எழுந்தால்தான் அது இல்லறத்தின் தொடக்கம் என்ற இந்த நுட்பத்தைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர்.

வடநாட்டுக் குஸ்திக் கோதாக்களில் அனுமானைத் தெய்வமாக வைத்துப் பிரமசரியத்தைப் பெரிதாகப் போற்றுவர். அதனால் மல்லனுக்கு மணமே ஆகாது என்று சிலர் எண்ணுகிறார்கள். 1910-ம் வருஷத்தில் லண்டனுக்குச் சென்று போலந்து மல்லன் ஸ்பிஸ்கோவைத் திணறடித்தவரும், 1928-ம் வருஷத்தில் அதே மல்லனைப் பாட்டியாலாவில் ஒரு நிமிடத்துக்குள் வீழ்த்தியவருமான காமா பயில்வான் பிள்ளைகுட்டிகளுடன் வாழ்ந்த கிருகஸ்தர். 2016-ம் வருஷத்தில் ரியோ ஒலிம்பிக்கில் மல்யுத்தப் பதக்கம் பெற்ற சாட்சி மாலிக் அடுத்த வருஷத்தில் மற்றொரு மல்யுத்த வீரரை மணந்தார். ஆகவே மணம் வீரத்துக்குப் பகை என்பது பொருந்தாது. காலம் அறியாத மணமே பகை.

முந்திய பாய்ச்சலின் கேடு யார் தலையில் விழுகிறது என்பதையும் கவனிக்கவேண்டும். 1984-ம் வருஷத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதிப் பந்தயம். நமது பி. டி. உஷா துப்பாக்கி ஒலியோடு நன்றாகப் புறப்பட்டார். ஆனால் வேறொரு நாட்டு வீராங்கனை முந்திவிட்டமையால் அனைவரும் திரும்ப அழைக்கப்பட்டனர். இரண்டாம் முறை உஷாவுக்கு அந்தப் புறப்பாடு வாய்க்கவில்லை. 55.42 விநாடியில் ஓடி முடித்தார். ஒரு விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலப் பதக்கம் கைநழுவியது. தவறு ஒருவருடையது, இழப்பு மற்றொருவருடையது! 2010-ம் வருஷம் முதல் ஒருமுறை முந்தினாலே வெளியேற்றம் என்று விதி கடுமையாயிற்று. அடுத்த வருஷமே உலகின் அதிவேக ஓட்டக்காரரான உசைன் போல்ட், தென்கொரியாவின் தேகு நகரில் 100 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் முந்தி வெளியேறினார். உஷாவின் சரிதையில் மற்றொரு செய்தியும் உண்டு. அவர் 1991-ம் வருஷத்தில் மணம் புரிந்து தாயானார். அதன் பின்னர் 1998-ம் வருஷத்தில் ஜப்பானின் புகுவோகா நகரில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் மீண்டும் பதக்கம் வென்றார். உரிய காலத்தில் வந்த மணம் அவர் காலைக் கட்டவில்லை.

பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லும் நமக்கு இச்செய்திகளில் ஏன் இவ்வளவு அக்கறை என்று நேயர்கள் கேட்கலாம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் வருகைப் பட்டியலை வாசிக்கிறோம். ஒரு பெயருக்கு விடை வருவதில்லை. ஏனென்று கேட்டால் மற்றப் பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ஓட்டத்தில் முதலாக வந்தவளாக இருப்பாள்; கணக்கில் முதலாக வந்தவளாகவும் இருப்பாள். நல்ல இடம் வந்தது, தள்ள மனமில்லை என்பார் தகப்பனார். நல்ல இடமாகவே இருக்கட்டும். அவள் கை மண்ணைத் தொட்டதா என்று யாரேனும் பார்த்தார்களா?

இதற்கும் அபராதம் நம் நாட்டில் உண்டு. 1929-ம் வருஷத்தில் ஹரவிலாஸ் சாரதா முயன்று நிறைவேற்றிய சட்டம், பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று விவாக வயதை வரையறுத்தது. 1978-ம் வருஷத்தில் அது 18, 21 என்று உயர்ந்தது. 2006-ம் வருஷத்துச் சட்டப்படி, குழந்தை மணம் செய்துவைப்பவருக்கு இரண்டு வருஷம் வரையில் கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரையில் அபராதமும் விதிக்கலாம். ஜப்பானிய மல்லனுக்கு 1 லட்சம் யென். இங்கே 1 லட்சம் ரூபாய். சட்டம் வேண்டும், அது தளரவும் கூடாது. எனினும் அபராதம் முந்தியவனைத் தடுக்குமேயன்றி, பிந்தியிருப்பவரை ஆயத்தமாக்காது. ஜப்பானியர் அபராதத்தைக் கைவிட்ட பின்பும் அவர்கள் போர் ஒழுங்காக நடக்கிறதென்றால், இருவரும் ஒத்து எழுவதே போர் என்ற எண்ணம் மல்லனுக்கும் நடுவனுக்கும் காண்பவர்க்கும் ஊறியிருப்பதே காரணம் என்று நாம் கருதுகிறோம்.

அவ்வெண்ணம் நம் இல்லங்களில் ஊறவேண்டும். பெற்றோர் நடுவரைப் போன்றவர்கள். இடம் பார்க்கலாம், யோசனை சொல்லலாம், காலம் ஆயிற்று என்று நினைவூட்டலாம். எழவேண்டியவர்கள் பிள்ளையும் பெண்ணுமே. வயதும் கல்வியும் மனமும் முதிர்ந்து, கேட்ட கேள்விக்கு அச்சமின்றிச் சம்மதமென்றோ இல்லையென்றோ அவள் சொல்லும் வரையில் பொறுத்திருப்பதில் யாருக்கும் தாழ்வில்லை. நிச்சயதார்த்தம் ஆன பின்னரும் பொருந்தாதென்று தெரிந்தால், கோட்டுக்குத் திரும்பிச் சென்று சபையை வணங்கிவிட்டு மறுபடி குந்துவதிலும் இழிவில்லை. மாபெரும் மல்லர்களே அதனைப் பல்லாயிரம் பேர் முன்னிலையில் செய்கிறார்கள்.

கூரத்தாழ்வானும் அவர் தேவியார் ஆண்டாளும் பெருஞ்செல்வத்தை ஒருமனப்பட்டுத் துறந்து, இராமாநுஜரை நாடித் திருவரங்கம் சென்றார்கள் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லுகின்றன. ஒருவர் இழுக்க மற்றவர் இழுபட்ட பயணம் அன்று அது. அப்படிப்பட்ட தம்பதிகள் வாழ்ந்த ஊரில், அடுத்த கோடை விடுமுறைக்குப் பின் வருகைப் பட்டியலில் உள்ள எல்லாப் பெயர்களுக்கும் விடை வரவேண்டும். அதற்கு அபராதச் சட்டத்தைவிட நம் நேயர்களின் பொறுமையையே நாம் அதிகம் நம்பியிருக்கிறோம்.