வீழ்பொருள் விதியும் ஆர்வலர் பரிசோதனைகளும்

பனையொன்றிலிருந்து பழமும் காவோலையும் ஒரே கணத்திற் கழன்று வீழுமாயின், பழம் முன்னும் ஓலை பின்னுமாக நிலத்தை அடையும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பிறந்தார் எவருக்கும் இது எடுத்துச் சொல்லவேண்டாத செய்தி. ஆனால் பௌதிக நூலோ, எப்பொருளும் தன் நிறை எத்தகையதாயினும் ஒரே ஆர்முடுகலோடு வீழும் என்று கூறுகின்றது. கண்ட காட்சியும் கற்ற உரையும் இவ்வாறு மாறுபடுமிடத்துக் கற்போன் எதனைக் கைக்கொள்வான்? உரையைக் கைவிட்டுக் காட்சியைப் பற்றுவோர் சிலர். காட்சியை மறந்து உரையை மனனஞ் செய்வோர் பலர். சைவசித்தாந்த நூலார் காட்சி, கருதல், உரை என அளவைகளை வகுத்தபொழுது, காட்சி அனைத்தையும் அப்படியே ஏற்றாரல்லர். ஐயமும் திரிபும் நீங்கிய காட்சியே அளவையாகும் என்பது சிவஞானசித்தியாரின் அளவையியல் தரும் தெளிவு. வீழ்பொருள் பற்றிய விதியின் வரலாறு, காட்சியினின்றும் அவ்விரு குற்றங்களை நீக்குதற்கு மாந்தர் மேற்கொண்ட முயற்சியின் வரலாறே எனலாம்.

அவ்வரலாற்றில் ஏற்கப்பட்ட கொள்கையை எதிர்த்து நின்றோர் பலர் பௌதிகத்தைத் தொழிலாகக் கொண்டவரல்லர். பொறியியலாளரும் குருமாரும் பொருளியலாளரும் தத்தம் ஆர்வத்தால் குண்டுகளை வீழ்த்தியும் ஊசல்களை அசைத்தும் பார்த்தனர். அவருட் சிலரின் முடிபு நிலைத்தது. சிலரின் முடிபு நிலைக்கவில்லை. இரு சாராரையும் பிரித்தது பட்டமோ பதவியோ அன்று. தமது அளவீட்டில் எவ்வளவு வழு புகக்கூடும் என்பதைத் தாமே அளந்தறியும் திறமும், அவ்வாறு அறிந்ததை மறையாது கூறும் நேர்மையுமே ஆம்.

கனத்த பொருள் விரைந்தும் இலேசான பொருள் மெதுவாகவும் வீழும் என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. ஆறாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பிலோப்போனஸ், நிறையிற் பெரிதும் வேறுபட்ட இரு பொருள்களை ஒரே உயரத்திலிருந்து விடின், அவை வீழும் நேரங்களிடையே காணப்படும் வேறுபாடு மிகச் சிறிதே என்று அதனை மறுத்தெழுதினார். பின்னர் ஒல்லாந்துப் பொறியியலாளரான சீமோன் ஸ்டீவின், ஒன்று மற்றையதினும் பத்து மடங்கு நிறையுள்ள இரு ஈயக் குண்டுகளை முப்பதடி உயரத்திலிருந்து பலகையொன்றின்மீது வீழச் செய்தார். இரண்டும் மோதிய ஒலி ஒரே ஒலியாகக் கேட்டதென்று 1586இல் வெளிவந்த தமது நூலிற் குறித்தார். விரைந்து வீழும் பொருளைக் கண் தொடர்தல் அரிது. இரு ஒலிகளின் இடைவெளியைச் செவி எளிதில் உணரும். எந்தப் புலனை நம்பலாம் என்று ஆராய்ந்து தெரிந்தமையே அவரது பரிசோதனையின் சிறப்பு.

பைசாக் கோபுரத்திலிருந்து கலிலியோ குண்டுகளை வீழ்த்தினார் என்னும் கதை, அவர் மாணாக்கரான விவியானி எழுதிய வரலாற்றால் பரவியது. கலிலியோவின் உண்மையான வெற்றி வேறிடத்தில் உள்ளது. நேரே வீழும் பொருளின் வேகம் அளத்தற்கரியது எனக் கண்ட அவர், சாய்தளத்திற் குண்டை உருளவிட்டு அவ்வியக்கத்தை மெதுவாக்கினார். சிறு துவாரத்தின் வழியே ஒழுகிய நீரை நிறுத்து நேரத்தைக் கணித்தார். சமமான காலக் கூறுகளிற் பொருள் கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என ஒற்றை எண்களின் வரிசையில் வளரும் என்று 1638இல் வெளிவந்த நூலில் நிறுவினார். இத்தகைய எளிய கருவிகளால் இவ்வளவு நுண்மை கைகூடுமோ என்று பிற்கால வரலாற்றாசிரியர் ஐயுற்றனர். 1961இல் தோமஸ் செற்றில் என்னும் அமெரிக்க ஆய்வு மாணவர் அத்தகைய பொருள்களைக் கொண்டே அப்பரிசோதனையை மீளச் செய்து, அது கைகூடும் எனக் காட்டினார்.

எதிர்த்து நிற்பவன் எவ்வாறு நிற்கவேண்டும் என்பதற்கு இத்தாலியக் குருவான ரிச்சியோலி சிறந்த எடுத்துக்காட்டு. புவி நிலையாக நிற்கின்றது என்ற கொள்கையினரான அவர், வீழ்பொருள் பற்றிய கலிலியோவின் கூற்றையும் ஐயுற்றே ஆராயத் தொடங்கினார். முதலில் நேரத்தை அளக்கும் ஊசலைத் திருத்தமாக்க விரும்பி, உடன்குருமார் ஒன்பதின்மரைத் துணைக்கொண்டு ஒரு நாள் முழுவதும் அதன் அலைவுகளை எண்ணச் செய்தார். அதன் பின்னரே கிறிமால்டி முதலியோருடன் பொலோஞா நகரில் ஏறக்குறைய 97 மீற்றர் உயரமுள்ள அசினெல்லிக் கோபுரத்திலிருந்து உருண்டைகளை வீழ்த்தினார். கிடைத்த அளவுகள் கலிலியோவின் ஒற்றை எண் வரிசையோடு பொருந்தின. தாம் எதிர்பார்த்ததற்கு மாறான அம்முடிபை 1651இல் வெளியிட்ட பெருநூலில் அவர் ஒளியாது எழுதினார். அத்துடன், ஒரே பருமனுள்ள இரு உருண்டைகளுள் இலேசானது சிறிது பிந்துகின்றது என்பதையும் குறிக்கத் தவறவில்லை.

இப்பிந்துதல் விதிக்கு மாறானதன்று; வளியின் தடையால் வருவது. பத்துச் சதமமீற்றர் விட்டமுள்ள இரு குண்டுகளை, நான்கு கிலோகிராம் திணிவுள்ள இரும்புக் குண்டு ஒன்றும் அதன் பத்திலொரு பங்கு திணிவுள்ள மரக் குண்டு ஒன்றுமாகக் கொள்வோம். இருபது மீற்றர் உயரமுள்ள பனையின் உச்சியிலிருந்து ஒருங்கே விடின், இரும்பு நிலத்தைத் தொடும் வேளையில் மரக் குண்டு ஏறக்குறைய இரண்டடி உயரத்தில் நிற்கும் எனக் கணக்கிடலாம். உருவமும் பருமனும் ஒன்றேயாதலால் ஒரே வேகத்தில் இரண்டின்மீதும் வளி ஒரே தடையையே செலுத்துகின்றது. திணிவு குறைந்த மரம் அத்தடையால் மிகுதியாகத் தாமதமடைகின்றது. இதனை அறியாதவன் அவ்விரண்டடியைச் சுட்டிக் கலிலியோ பிழைத்தார் என்று சாதிக்கக்கூடும். வளியற்ற சந்திரனில் 1971 ஆகஸ்ட் 2ஆம் நாள் அப்பொலோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்கொற் ஒரு சுத்தியலையும் பருந்தினத்துப் பறவையின் இறகொன்றையும் ஒருங்கே விட்டபோது, இரண்டும் ஒருங்கே தரையை அடைந்தன. 2016இல் ஏவப்பட்ட மைக்கிரோஸ்கோப் என்னும் செய்மதியில் பிளாற்றினத்தையும் தைத்தானியத்தையும் ஒப்பிட்டு நிகழ்ந்த ஆய்வின் இறுதி முடிபு 2022இல் வெளிவந்தது. ஆயிரங்கோடியின் இலட்சத்திலொரு பங்களவு நுண்மைக்கு நோக்கியும் அவற்றின் வீழ்ச்சியில் வேறுபாடு காணப்படவில்லை.

எனினும் இவ்விதியை ஐயுறுவோர் அண்மைக் காலத்திலும் இல்லாமற் போகவில்லை. 1970களில் அமெரிக்கரான புரூஸ் டி பால்மா, விரைந்து சுழலும் குண்டு சுழலாத குண்டினும் வேறுபட்டு வீழ்கின்றது என்று கூறிப் படங்களையுங் காட்டினார். சுழலும் குண்டின்மீது வளி செலுத்தும் பக்க விசை, குண்டை விடுவிக்கும் பொறியின் சிறு உதைப்பு ஆகிய இரண்டையும் முற்றாக நீக்கினாலன்றி இத்தகைய முடிபை நிலைநாட்டல் இயலாது. 1989இல் யப்பானின் தொஹோக்குப் பல்கலைக்கழகத்தினரான ஹயசாகா, தக்கேயுச்சி என்போர், வலமாகச் சுழலும் சுழலியின் நிறை சிறிது குறைகின்றதென்று புகழ்பெற்ற ஆய்விதழொன்றில் எழுதினர். அக்குறைவு பதினாயிரத்தில் ஒரு பங்கினும் சிறிது. அடுத்த ஆண்டிலேயே அமெரிக்காவிலும் பிரான்சிலும் வேறு ஆய்வாளர் அதனைச் சோதித்து, அத்தகைய குறைவு எதனையும் காணாராயினர். ஆகவே வழு புகும் வழி ஆர்வலர்க்கு மட்டும் உரியதன்று. ஆய்வுகூடத்தார்க்கும் அது திறந்தே கிடக்கின்றது.

இவ்வரிசையில் வேறொரு வகையாக வைத்தெண்ணத்தக்கவர் பிரெஞ்சுப் பொருளியலாளர் மொறிஸ் அலே. 1988இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற அவர், 1954இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது தமது ஊசலின் அலைவுத் தளம் வழமைக்கு மாறாகத் திரும்பியதென அறிவித்தார். வீழ்ச்சியும் ஊசலின் அலைவும் ஒரே புவியீர்ப்பின் செயல்களாதலால், இக்கூற்று உண்மையாயின் ஏற்கப்பட்ட ஈர்ப்புக் கொள்கையே திருத்தப்படல்வேண்டும். பின்வந்த கிரகணங்களிற் பலர் நோக்கிய முடிபுகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. கிரகண வேளையில் நிலமும் வளியும் குளிர்கின்றன, காற்று மாறுகின்றது, கட்டடமும் சிறிது அசையக்கூடும். இவற்றையெல்லாம் விலக்கிய பின்னரே எஞ்சியது ஈர்ப்பின் செயலா என வினவலாம்.

யாழ்ப்பாணத்தின் வானில் 2010 ஜனவரி 15ஆம் நாளும் 2019 டிசம்பர் 26ஆம் நாளும் கங்கண சூரிய கிரகணங்கள் தோன்றின. பத்தாண்டுக்குள் இருமுறை இத்தகைய வாய்ப்பைப் பெறும் ஊர்கள் மிகச் சில. புவியின் சுழற்சியால் ஊசலின் அலைவுத் தளம் பாரிஸ் நகரில் மணிக்குப் பதினொரு பாகைக்கு மேல் திரும்ப, யாழ்ப்பாணத்தில் இரண்டரைப் பாகையே திரும்பும். இயல்பான திருப்பம் சிறிதாகவே, மிகையான திருப்பம் இருப்பின் அது எளிதிற் புலப்படும். ஆயினும் கிரகண நாளில் மட்டும் ஊசலைத் தொங்கவிட்டு நோக்குவதாற் பயனில்லை. முன்னும் பின்னும் பல நாள் அதே மணியில் நோக்கி, ஊசல் தன்னியல்பில் எவ்வளவு தடுமாறும் என்பதைத் தெரிந்துகொண்டவனுக்கே அந்நாளின் தடுமாற்றத்தைப் பற்றிப் பேச உரிமையுண்டு.

ஏற்கப்பட்ட அளவை எதிர்த்து நிலைபெற்ற பரிசோதனைக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1672இல் பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தின் சார்பில் தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குச் சென்ற ழான் ரிஷே, பாரிஸிற் சரியாக ஓடிய ஊசற் கடிகாரம் அங்கு நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்குவதைக் கண்டார். செக்கனுக்கோர் அசைவு பெற, ஊசலை ஏறக்குறைய மூன்று மில்லிமீற்றர் குறுக்கவேண்டியிருந்தது. வெப்பநாட்டுச் சூட்டால் ஊசல் நீண்டிருக்கலாம் என்று சிலர் கருதினர். ஆனால் ஒரு மீற்றர் நீளமுள்ள பித்தளைக் கோல் பதினைந்து பாகை செல்சியசு சூடேறினாலும் 0.3 மில்லிமீற்றரே நீளும். காணப்பட்ட வேறுபாடோ அதன் பத்து மடங்கு. ரிஷே தம் அளவீட்டை வாரந்தோறும் பத்து மாதம் மீளச் செய்திருந்தமையால் அதனைப் புறக்கணித்தல் இயலாதாயிற்று. புவி சுழல்வதாலும் நடுக்கோட்டருகே புடைத்திருப்பதாலும் அங்கு ஈர்ப்பு ஆர்முடுகல் குறைவு என நியூற்றன் 1687இல் வெளியிட்ட நூலில் விளக்கியபோது, அவ்வளவீடு அவருக்குச் சான்றாயிற்று.

யாழ்ப்பாணமும் நடுக்கோட்டை அடுத்த நாடே. வட அகலக்கோடு ஒன்பது பாகை நாற்பது கலையளவில் அமைந்த இந்நிலத்தில் ஈர்ப்பு ஆர்முடுகல், செக்கனின் வர்க்கத்துக்கு ஏறக்குறைய 978 சதமமீற்றர். பாடநூல்கள் பல தருகின்ற 981 என்னும் எண் இலண்டன் போன்ற வடநாடுகளுக்கே பொருந்துவது. இலண்டனிற் சரிசெய்த ஊசற் கடிகாரத்தை இங்கு கொணர்ந்தால் அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கும். இவ்வேறுபாட்டைப் பனையுச்சியிலிருந்து கல்லை வீழ்த்தி அறியமுடியாது. இருபது மீற்றர் வீழ்ச்சிக்கு இரண்டு செக்கனே ஆகின்றது. நிறுத்தற் கடிகாரத்தை அழுத்தும் விரலோ 0.2 செக்கன் வரை பிழைக்கக்கூடும். அதனால் விடை 810 முதல் 1210 வரை எங்கும் அமையலாம்.

எளிய ஊசலோ அவ்வழுவைப் பல அலைவுகளிற் பங்கிட்டுக் கரைத்துவிடுகின்றது. ஒரு மீற்றர் நீளமுள்ள ஊசலின் இருநூறு அலைவுகளுக்கு இங்கு ஆகும் நேரம் 401.8 செக்கன், இலண்டனில் 401.2 செக்கன். இடையேயுள்ள 0.6 செக்கனை ஒரு பள்ளி மாணவனும் அளந்தறியலாம். ஆனால் அலைவின் வீச்சு பத்துப் பாகையளவில் நிலைக்குமாயின், அதனாலேயே 0.7 செக்கனுக்கு மேல் மிகும். தேடும் வேறுபாட்டினும் வழு பெரிதாய்விடும். ஆதலால் வீச்சைச் சிறிதாக்கி, தொங்குபுள்ளியிலிருந்து குண்டின் மையம்வரையுள்ள நீளத்தை மில்லிமீற்றர் பிசகாது அளந்து, பலமுறை மீளச் செய்தல் வேண்டும்.

இவ்வாறு செய்து 978 என்று கண்ட மாணவன், நூலில் 981 இருக்கக் கண்டு தன் பதிவேட்டைத் திருத்தி எழுதுவானாயின், அவன் இழப்பது ஓர் எண்ணை மட்டுமன்று. ரிஷேயின் கடிகாரம் சொன்னதையே அவன் ஊசலும் சொல்லிற்று. அவன் கேளாது விட்டான். வழுவை ஆராயாது விதி தவறென்று முழங்குபவனும், வழுவை ஆராயாது தன் அளவு தவறென்று அழிப்பவனும் ஒரே குற்றத்தைச் செய்கின்றனர். கண்ட எண்ணை எழுதி, அது எவ்வளவு பிழைக்கக்கூடும் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதுதலே இருவருக்கும் உரிய மருந்து. அப்பழக்கம் வேரூன்றிய ஆய்வுகூடத்தில், விதியை ஏற்பவனும் எதிர்ப்பவனும் ஒருங்கே உண்மைக்குத் துணையாவர்.