உங்களுக்குத் தெரியுமா? ஓரியின் அம்பும் இருபது முகப் பகடையும்

கார்ட்டூனில் பார்த்த படைவீரர்களை மேசைக்குக் கொண்டுவந்து, ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் விளையாட்டு உலகெங்கும் இருக்கிறது. அதன் விதிகளை நம் கொல்லிமலைக்குப் பொருத்தினால் எப்படி இருக்கும்?

● மேசைமேல் போர் நடத்தும் ஆட்டத்தைத் தீவிரமாகக் கையில் எடுத்தவர்கள் ராணுவத்தினர். பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்பவர் 1812-ல் இதற்கு வடிவம் கொடுத்தார். ராணுவ அதிகாரியான அவர் மகன் 1824-ல் அதை மெருகேற்றினார். நிலப்படம், படைகளைக் குறிக்கும் கட்டைகள், பகடை, தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற அந்த ஆட்டம் அதிகாரிகளின் பயிற்சியாகவே ஆனது.

● போர் ஆட்டத்தில் ஒருவர் ஒரு படையையே நகர்த்துவார். 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' அதை மாற்றியது. ஒருவருக்கு ஒரே வீரன். அவனுக்குப் பெயர், பலம், பலவீனம் எல்லாம் உண்டு. நடுவர் கதைசொல்லியாக மாறினார். நம் கூத்தில் கட்டியங்காரன் கதையைக் கைப்பிடித்து அழைத்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதாகத் தோன்றாது.

● 'ஜி.ஐ. ஜோ' பொம்மை வீரர்களை ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1964-ல் அறிமுகம் செய்தது. 1982-ல் உள்ளங்கை அளவு பொம்மைகளாக அவர்கள் திரும்பி வந்தபோது, அட்டையின் பின்புறம் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு குறிப்பு இருந்தது: புனைபெயர், பிறந்த ஊர், தனித்திறமை, குணம். பெரும்பாலானவற்றை எழுதியவர் லாரி ஹாமா. பாத்திரமேற்று ஆடுவோருக்குத் தேவையான விவரத்தாள் அப்படியே கையில் கிடைத்ததுபோல!

● அந்தப் பொம்மைகள் இந்தியாவிலேயே தயாராயின. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப்., ஹாஸ்ப்ரோவுடன் கைகோத்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல்தான் தயாரித்தது. அமெரிக்கப் பொம்மைகளில் இல்லாத வண்ணக் கலவைகள் இவற்றில் உண்டு என்பதால், வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள்.

● 1980-களின் ஜி.ஐ. ஜோ கார்ட்டூனில் விமானம் வெடித்துச் சிதறும். ஆனால் விமானி பாராசூட்டில் இறங்கிவிடுவார். பழைய 'டன்ஜன்ஸ்' விதிப்படியோ உயிர்ப்புள்ளி தீர்ந்தால் வீரன் செத்தான். அதை அப்படியே எடுத்துப் போட்டால் கார்ட்டூனின் உயிர் போய்விடும். புள்ளி தீர்ந்தவர் பாராசூட்டில் குதிக்கலாம், எதிரியிடம் சிறைப்படலாம், அடுத்த காட்சியில் தப்பலாம் என்று விதியைத் திருத்த வேண்டும். விதிதான் கதையின் அறத்தைச் சுமக்கிறது.

● 1997-ல் 'டன்ஜன்ஸ்' ஆட்டத்தை விசர்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 1999-ல் அந்த நிறுவனத்தையே ஹாஸ்ப்ரோ வாங்கியது. வாள் வீரனும் ஜோ வீரனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் ஆனார்கள். ரெனிகேட் நிறுவனம் ஜி.ஐ. ஜோவுக்கெனத் தனி விதிநூலே வெளியிட்டிருக்கிறது. அதில் இருபது முகப் பகடையோடு திறமைக்கேற்ற இன்னொரு பகடையும் உருளும்.

● சரி, நம் ஊருக்கு வருவோம். இருபது முகப் பகடையில் எந்த எண்ணுக்கும் வாய்ப்பு 20-ல் 1. நம் தாயக்கட்டை அப்படியல்ல. வெறுமை, 1, 2, 3 என நான்கு முகம், இரண்டு கட்டை. விழும் வகை 16. அவற்றில் மூன்று விழ 4 வழி, தாயம் (அதாவது 1) விழ 2 வழி, பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) விழ ஒரே வழி. சாதாரணச் செயலுக்கு மூன்று, அருஞ்செயலுக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் கணக்கு தானாகவே பொருந்தும்.

● படை சமமாக இருந்தால்தான் போட்டியா? ஆடுபுலி ஆட்டத்தில் புலி 3, ஆடு 15. புலி வெட்டும், ஆடு சூழ்ந்து மடக்கும். இரு தரப்புக்கும் வேறுவேறு விதி, வேறுவேறு வெற்றி. சிறு குழு பெரும்படையை எதிர்க்கும் கதைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே?

● கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் துளைத்து, புற்றில் கிடந்த உடும்பில் போய்த் தைத்தது என்று புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். இதை விதியாக்கலாம். தாயத்தில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் அல்லவா? அப்படி விழும் ஒவ்வொரு முறையும் அம்பு ஓர் இலக்கைத் துளைக்கட்டும். தொடர்ந்து ஐந்து முறை விழ, ஏறத்தாழ 135-ல் ஒரு வாய்ப்பு!

● ஆட்டக்களமும் தயார். நாமக்கல் மாவட்டத்து மலைச்சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கொரு பதுங்கிடம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி இறங்கினால் ஆகாய கங்கை அருவி. காவலுக்குக் கொல்லிப்பாவை இருக்கிறாள்: காற்றும் மழையும் இடியும் சிதைக்க முடியாதவள் என்று சங்கப் பாடல் போற்றும் பாவை, பகைவரை அழகால் மயக்கி உயிர் பறிப்பாள் என்று மலை சொல்லும் கதை. எதிராளியும் உண்டு: ஓரியைப் போரில் வீழ்த்திய மலையமான் திருமுடிக்காரி. ஓரியின் குதிரை பெயர் ஓரி, காரியின் குதிரை பெயர் காரி!

● கடைசியாக ஒன்று. பழைய 'டன்ஜன்ஸ்' விதியில் எவ்வளவு பொன் சேர்த்தாயோ அவ்வளவு அனுபவப் புள்ளி. ஓரியோ கடையெழு வள்ளல்களில் ஒருவன். வேட்டை முடிந்ததும் வந்திருந்த பாணர்களுக்கு இறைச்சி கொடுத்தான், மணியும் பொன்னும் கொடுத்தான். தன் பெயரைச் சொல்லிப் பாடக் கேட்டதும் நாணினான். ஆகவே கொல்லிமலை ஆட்டத்தில் விதி தலைகீழாக வேண்டும்: கொடுத்த பொன்னுக்கே புள்ளி. யார் கொடுத்தது என்று சொல்லாமல் கொடுத்தால் இரட்டைப் புள்ளி. ஆடி 18-ஐ ஒட்டி மலையில் ஓரி விழா நடக்கும். அங்கே போகும்போது தாயக்கட்டையையும் எடுத்துப் போங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து உருட்டிப் பாருங்கள்.